சூசை வீட்டுக் கிளினிக்

பினாங்கில் கூட்டம் முடிந்த மறுநாள் காலை, என்னோடு சென்னையிலிருந்து வந்திருந்த நூலகர்கள் எல்லோரும் பாம்புக் கோயில் பார்க்கப் புறப்பட்டார்கள். பாம்பு பார்க்கவா கடல் தாண்டி வந்தேன் என்று சொல்லிவிட்டு, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன். பெட்டியில் புடவைகளுக்கு நடுவே சிவப்புக் காலிகோ அட்டை போட்ட கனமான புத்தகம் ஒன்று இருந்தது. அதோடு, ஒருவரிடம் நேரில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் இருந்தது. புத்தகத்தைவிட அதைச் சுமப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

செய்தி பிலோமினாவுடையது. கெடா மாநிலத்தில் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெண். எழுபதுகளில் உயிர்வேதியியல் படிக்கச் சென்னைக்கு வந்தாள். நான் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரி நூலகத்தைக் காலையில் திறக்கும்போது படியில் உட்கார்ந்திருப்பாள். மாலையில் விளக்கை அணைத்தால்தான் எழுந்திருப்பாள். என்னை அக்கா என்றாள். என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்குப் போயிற்று. பிறகு இங்கிலாந்து போய் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினாள். கல்லீரல் மாற்று பற்றியும் மூளை பற்றியும் அவள் எழுதிய கட்டுரைகள் பெரிய பெரிய இதழ்களில் வந்து, கப்பல் தபாலில் எங்கள் நூலகத்துக்கே வந்து சேர்ந்தன. முதல் கட்டுரை வந்த அன்று அலுவலகம் முழுவதற்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். எங்கள் பைண்டர், சொந்தக்காரப் பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பின்னே, இல்லையென்றா சொல்வேன்?

இப்போது அந்த ஆய்வுக்கூடம் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்கிறது. அவளோ, அப்பா சொன்னால்தான் ஆச்சு என்று நிற்கிறாள். அப்பா வா என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்கு எழுதியிருந்தாள். அவருக்கே எழுதேன் என்றால், அவருக்கு வரும் கடிதத்தைப் பக்கத்து வீட்டம்மாள்தான் உரக்கப் படித்துக் காட்டுவாராம், தெருவுக்கே கேட்குமாம். அப்பா இன்னும் மகளை நோயாளிக்கு ஊசி போடும் டாக்டர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். அவள் அந்த டாக்டர் இல்லை, ஊருக்குத் திரும்ப அவளுக்கு மனமும் இல்லை. இதை நேரில் பக்குவமாகச் சொல்லி, அவர் வாயால் சம்மதம் வாங்கி வர வேண்டும். என் வாய்க்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

படகில் கீழே கார்கள், மேலே மனிதர்கள். நடுக்கடலில் பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் இறங்கி, வாழையிலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறு ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இலையைப் பிரித்தால் சோற்றோரம் நெத்திலி, அரை முட்டை, சிவக்கச் சிவக்கச் சம்பல். ஒரு வாய் வைத்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. ஆனாலும் விடவில்லை. ஆந்திராக்காரி மகள் நான், மிளகாய்க்குத் தோற்றுப் போவேனா?

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பஸ் புகைந்து நின்றது. டிரைவர் இறங்கி, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து, அவர்கள் தே என்று சொல்லும் டீயை வாங்கிக் குடித்தார். எங்கள் ஊரென்றால் இந்நேரம் அவர் சட்டையை நாலு பேர் பிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கிப் போய் அவரோடு சேர்ந்து தே குடித்தார்கள். முன் சீட்டு மலாய்க்கார அம்மாள் ஏதோ சொல்ல, கடையே சிரித்தது. என் பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். இந்தப் பஸ்ஸுக்கும் என் புருஷனுக்கும் வெயில் ஆகாது, வேலை செய்யச் சொன்னால் உடம்பு சுடும் என்றாராம்.

அந்தப் பெண் சுங்கைப் பட்டாணிக்காரி. யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். பிலோமினாவின் அப்பா, ஸ்கூல் வேன் ஓட்டும் சூசை வீட்டுக்கு என்றேன்.

"கிளினிக் சூசையா? டாக்டரம்மா எப்பக்கா வராங்க? எங்கம்மா முட்டி வலியோட காத்துக்கிட்டு இருக்காங்க."

கிளினிக்கா? சம்பல் அப்போதுதான் வயிற்றில் எரிய ஆரம்பித்தது.

சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டுக்குக் கீழே வேனோடு நின்றிருந்தார் சூசை. அறுபது தாண்டிய உயரமான மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர். ஓய்வுபெற்று டவுனுக்கு வந்ததிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறார். என்னைப் பார்த்ததும் "வாங்க டீச்சரம்மா" என்றார். டீச்சர் இல்லை, நூலகர் என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "பெட்டியக் குடுங்க டீச்சரம்மா" என்றார். கிளம்பும்வரை அந்தப் பட்டம் என்னை விடவில்லை.

ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கும் சின்ன வீடுகளில் ஒன்று அவருடையது. வாசலிலேயே பார்த்துவிட்டேன். நீலத்தில் வெள்ளை எழுத்துப் பலகை. மேலே மலாயில், நடுவில் தமிழில் 'கிளினிக் பிலோமினா', கீழே சீனத்தில். சீன எழுத்தைப் பெயிண்டர் தானாகவே சேர்த்துக் கொடுத்தாராம், டாக்டர் வந்ததும் தன் முதுகுவலியை முதலில் பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில். கூடத்துச் சாமான்களையெல்லாம் பின்கட்டுக்குத் தள்ளியிருந்தார். மூடப்பட்ட தோட்ட ஆஸ்பத்திரியின் இரும்புக் கட்டிலுக்கு வெள்ளைச் சாயம் பூசிப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டு அருளம்மா, அதாவது கடிதம் படிக்கும் அதே அம்மாள், பச்சைத் திரை தைத்துத் தொங்கவிட்டிருந்தார். எடை பார்க்கும் இயந்திரம், கை கழுவ எனாமல் பேசின், ஊசி வேகவைக்க ஒரு பாத்திரம்! வெளியே நீளப் பெஞ்சில் நோயாளிகளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வரும் தேதி தெரிந்ததா என்று கேட்டுவிட்டுப் போக வந்தவர்கள்.

அன்றே சொல்லியிருக்கலாம். அருளம்மா கோழிக்குழம்பு வைத்துக் கொண்டுவந்தார். மல்லித்தூள் தூக்கலாக, எங்கள் வீட்டுக் குழம்பின் பெரியம்மா மகள் மாதிரி இருந்தது அது. சூசை திரையைத் திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினார். பெருமை அந்த முகத்தில் வழிந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாலில்லாத கறுப்புக் காப்பியை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இதையெல்லாம் காப்பி என்று சொல்கிறார்களே என்று அதன்மேல் கோபப்பட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் பாடாங் மேஹாவுக்குக் கூட்டிப்போனார். ரோட்டுக்கு இரு பக்கமும் பால்மரம்; வேனுக்குள்ளே நிழலும் வெயிலும் மாறி மாறி விழுந்தன. அவர்கள் இருந்த தோட்டத்தில் வேன் நுழைந்ததுமே, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். டாக்டரம்மாவுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்த டீச்சர் என்று என்னை அறிமுகப்படுத்தினார் சூசை. மறுத்துப் பேச நேரமில்லை. ஒருவர் முட்டியைக் காட்டினார், ஒருவர் நாக்கை நீட்டினார். எல்லோரும் என் மூலம் பிலோமினாவுக்குச் சேதி சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியாக வந்தவர் பழைய மண்டோர், தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்கியவர். கைலியைத் தூக்கிக் காலைக் காட்டினார். சர்க்கரைப் புண், கட்டைவிரல் கறுத்துவிட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்குங்க? நம்ம புள்ள வரட்டும்னு இருக்கேன். அவகிட்டத்தான் காட்டுவேன்."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. யார் வந்தாலும் வராவிட்டாலும் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் விரலோடு போகாது, கால் போய்விடும் என்று கத்திவிட்டேன். மனிதர் சிரித்தார். டீச்சர் என்றால் அதட்டத்தான் செய்வார்கள் என்று சூசையும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனிமேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், நான் வந்த காரியம் மட்டுமா கெடும்?

தோட்டத்து மயானத்தில் சூசையின் மனைவி மரியாயியின் கல்லறை இருந்தது. அவர் மண்டியிட்டுப் புல்லைப் பிடுங்கிக்கொண்டே, தானாகவே பேச ஆரம்பித்தார். மஞ்சள்காமாலை என்று படுத்தாளாம். கொஞ்ச நாளில் பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்து உட்கார்ந்தாளாம். கையை நீட்டினால் கோழி இறக்கை அடிப்பதுபோல் படபடவென்று அடித்துக்கொள்ளுமாம். பேய் என்றார்கள். பங்குச் சாமியார் வந்து ஜெபித்தார். மலாய் வைத்தியர் வந்து எலுமிச்சம்பழம் அறுத்தார். டாக்டர் மட்டும் வரவில்லை. மழைக்கு ரோடு துண்டாகிக் கிடந்ததாம்.

"கடைசியா என்னைப் பாத்து, நீ யாரு, என் வீட்ல உனக்கென்ன வேலைன்னு கேட்டா டீச்சரம்மா. மூஞ்சில துப்பிட்டா. அதான் அவ எங்கிட்ட பேசின கடைசிப் பேச்சு." பிடுங்கிய புல்லைச் சுருட்டி ஓரமாகப் போட்டார். "அப்படி என்னதான் பண்ணேன் அவளுக்கு? அதான், ஒரு கிளினிக் போட்டே தீரணும்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அன்றைக்கு நான் என்னத்தைச் சொல்வது?

அடுத்த நாள், மெட்ராஸ் விருந்தாளி மீன் சாப்பிடாமல் போகக்கூடாது என்று கோலா கெடாவுக்குக் கிளம்பினார். ஆறு கடலில் சேரும் இடம். மீன்பிடிப் படகுகள், லங்காவித் தீவுக்குப் போகும் பெர்ரிகள், எங்கே திரும்பினாலும் மீன் வாடை. மீன் சந்தையில் அவருக்கு ஒரு சீன நண்பர்; இருவரும் மலாயில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே மீன் தேர்ந்தெடுத்தார்கள். வாழையிலையில் சுற்றித் தணலில் சுட்டுக் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ளப் புளியில் கரைத்த மிளகாயும் வெங்காயமும். காசிமேட்டு மீனைத் தவிர வேறு மீனை மதிக்காத நான், அன்றைக்குக் கட்சி மாறினேன்.

சூசை மீனின் கன்னத்துச் சதையைப் பிரித்து என் தட்டில் வைத்தார். மகளுக்கும் அதுதான் பிடிக்கும் என்றார். இனிமேலும் தள்ளிப்போட்டால் நான் மனுஷியில்லை என்று தோன்றியது.

"ஐயா, பிலோ வரப்போறதில்லை."

"இந்த வருசமா?"

"எப்பவுமே. அவ ஊசி போடற டாக்டர் இல்லைங்க. ஆராய்ச்சி பண்ணி அந்தப் பட்டம் வாங்கினவ. நோயாளிக்கு மருந்து எழுதித் தர அவளுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. எலிங்களுக்கு ஈரலை மாத்தி வெச்சு, மூளை என்ன ஆகுதுன்னு பாக்கறா. அங்கயே வேலை தராங்க. நீங்க சொன்னாத்தான் சேருவேன்னு உக்காந்திருக்கா."

மீன் பாதி அப்படியே இருக்க, எழுந்து போய்க் கை கழுவினார். நண்பரிடம் சொல்லிக்கொள்ளாமல் வேனில் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன்.

அலோர் ஸ்டார் தாண்டி, பச்சைப் பசேலென்று வயல்வெளி. தூரத்தில் ஜெராய் மலை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாரோ ஒரு மலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது போலிருந்தது. அதையெல்லாம் ரசிக்கும் நிலைமையிலா இருந்தேன்? குரூண் வருவதற்குள் வேன் இருமிற்று, உலுக்கிற்று, நின்றேவிட்டது. சூசை இறங்கி மூடியைத் திறந்து பார்த்து, "ரோசாக்" என்றார். கெட்டுப்போச்சு என்று அர்த்தம். கோலா கெடாவுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சூடு ஆறும்வரை மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் வயலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எலியா டீச்சரம்மா? எலி வெட்டவா எம் மகள சீமைக்கு அனுப்பிட்டு, இத்தன வருசம் நான் ஒண்டியா கெடந்தேன்?"

அந்தக் கேள்வியில் வலி இருந்தது, எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் 'எலி வெட்ட' என்றது எனக்குப் பொறுக்கவில்லை. என் பிலோவையா? வேனுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, சிவப்புப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் மடியில் தொப்பென்று வைத்தேன். அவள் இதுவரை எழுதிய கட்டுரைகள் எல்லாம் சேர்த்து, எங்கள் பைண்டரை விரட்டி நான் கட்டிய தொகுப்பு. "பாருங்க. பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

கிரீஸ் கையைச் சட்டை நனைய நனையத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டார். முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே விரலை வைத்தவர், அங்கேயே நிறுத்திவிட்டார். தமிழே படிக்க வராதவருக்கு இங்கிலீஷ் எப்படி வரும்? பையிலிருந்து தன் டிரைவிங் லைசென்சை எடுத்தார். அதைப் பக்கத்தில் வைத்து, அங்கே ஓர் எழுத்து, இங்கே ஓர் எழுத்து என்று விரலை நகர்த்தினார். அடுத்த கட்டுரையைப் புரட்டினார். அதற்கடுத்ததையும் புரட்டினார்.

"இது எம் பேராச்சே."

"ஆமாங்க."

"எம் மக பேரு எங்க? கஸ்டப்பட்டது அவ. எம் பேர எதுக்குப் போட்டானுங்க?" குரலில் சூடு ஏறியிருந்தது. மகளின் உழைப்பை யாரோ பறித்துக்கொண்டதாகவே நினைத்துவிட்டார் மனிதர்.

விஷயத்தைச் சொன்னேன். அந்த நாட்டில் ஆளைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது பெயரில் கடைசியாக வரும். நம் பெண்ணின் பெயரில் கடைசியாக வருவது அப்பா பெயர். பல்கலைக்கழகத்தில் சேர்த்தவர்கள் அதையே குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்துத்தான் பிலோமினா, மிச்சமெல்லாம் சூசை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் தவறைக் கண்டுபிடித்து, மாற்றிக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டிருக்கிறார். அப்பா பேரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அங்கே அவளை எல்லோரும் டாக்டர் சூசை என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஈரல் மாற்று செய்யும் பெரிய பெரிய சர்ஜன்கள் தங்கள் கட்டுரைகளில், சூசை காட்டியபடி, சூசை நிரூபித்தபடி என்று எழுதுகிறார்கள். அந்த இதழ்கள் என் மேஜைக்கு வருகின்றன, நானே படித்திருக்கிறேன்.

அவர் புத்தகத்தை மூடினார். மறுபடி திறந்தார்.

"எம் பேர்ல போட்டிருக்குன்னா, என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியணுமா இல்லியா? படிங்க."

படித்தேன். அதாவது, தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. முதல் கட்டுரைகள் ஈரல் மாற்று பற்றியவை. ஓர் எலியின் ஈரலை எடுத்து இன்னொன்றுக்கு வைப்பது. நூலைவிட மெல்லிய ரத்தக்குழாய்களை நுண்ணோக்கி வைத்து இணைப்பது. எந்த முறையில் செய்தால் எலி பிழைக்கிறது என்பது. அவர் குறுக்கிட்டார். அவ்வளவு சின்னக் குழாயை இவள் கையாலேயா தைத்தாள் என்று கேட்டார். இவள் கையால்தான் என்றேன். சின்ன வயதில் ஊசியில் நூல் கோப்பதற்கு லயத்துப் பெண்களெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்றார். முகம் லேசாக மலர்ந்தது.

பிந்தியவை மூளை பற்றியவை. ஈரல்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அது கெட்டால் கழிவு விஷம் மூளைக்கு ஏறிவிடுகிறது. மூளை குழம்பிவிடுகிறது. பழகிய வழியை மறந்து சுற்றிச் சுற்றி வரும் எலிக்கு நல்ல ஈரலை வைத்தால், மறுபடி வழி தெரிகிறதா என்று பார்த்திருக்கிறாள். தெரிகிறது. பல எலிகளுக்குத் தெரிந்திருக்கிறது. மனிதர்களுக்கும் அந்தக் குழப்பம் அப்படித்தான் வரும், பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார்கள், கையை நீட்டினால் படபடவென்று அடித்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவர்களை அடையாளம் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனவள், சட்டென்று நிறுத்தினேன்.

முந்தின நாள் கல்லறையில் அவர் எனக்குச் சொன்னதையல்லவா நான் அவருக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! பிலோ என்னிடம் அம்மாவைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறாள்.

"மரியாயிக்கு வந்தது அதுவா?" என்றார் சூசை.

"அதுதாங்க."

"அப்ப அவ என்னை வெறுத்துட்டுப் போகலியா?"

"இல்லைங்க. அது அவங்க பேச்சே இல்லை. ஈரல் கெட்டு வந்த குழப்பம். ஈரல் சரியாகியிருந்தா, உங்களைத் தெரிஞ்சிருக்கும்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் வயலைப் பார்த்தேன். துண்டுக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"அவ துப்பினப்ப பிலோ வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. பன்னண்டு வயசு. எல்லாத்தையும் பாத்துக்கிட்டே நின்னா."

நானும் அழுதேன். வருத்தம் மட்டுமில்லை. அப்படி ஒரு பெண் என் நூலகத்துப் படியில் உட்கார்ந்திருந்தாளே என்ற பெருமையும்தான்.

வேன் எப்படியோ கிளம்பிற்று. வழி முழுவதும் கேள்வி. எலிக்கு ஈரல் எவ்வளவு பெரிசு, மயக்கம் எப்படிக் கொடுப்பார்கள், வெள்ளைக்காரனுக்குச் சூசை என்று சரியாகச் சொல்ல வருமா? கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் வேலை பற்றி, வருவதா இருப்பதா என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாள் நான் பினாங்குக்குத் திரும்ப வேண்டும். பெட்டியோடு வெளியே வந்தால், பெஞ்சில் வழக்கம்போல ஆட்கள். அருளம்மாவும் நின்றிருந்தார். சூசை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"எம் மக இங்க வந்து ஊசி போடமாட்டா. அவ வேற டாக்டர். ஊசி போடுற டாக்டருங்களுக்கே அவ எழுதுறதுதான் பாடம்." கடைசிப் பொத்தானையும் போட்டார். "அவளுக்காக யாரும் காத்துக்கிட்டு இருக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோய் விடறேன், வேன் இருக்கு. காலைல பிள்ளைங்கள விட்டுட்டு வந்துடறேன், இதே பெஞ்சில உக்காந்திருங்க."

அருளம்மா, பச்சைத் திரையை என்ன செய்வது என்று கேட்டார். வேன் ஜன்னலுக்கு வெட்டித் தைத்துக் கொடு, வெயில் அடிக்கிறது என்றார் சூசை. பிறகு என்னை ஏற்றிக்கொண்டு நேரே பாடாங் மேஹாவுக்குப் போய், மண்டோரைக் கிட்டத்தட்டத் தூக்கி உள்ளே போட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். மனிதர் உள்ளே போகும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, டீச்சர்கள் எல்லோருமே இப்படித்தானா என்று முணுமுணுத்தார்.

என்னைப் படகுத்துறையில் விட்டுவிட்டுத் திரும்புவார் என்றுதான் நினைத்தேன். வேனோடு படகில் ஏறிவிட்டார். நடுக்கடலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, அந்தக் கட்டுரையெல்லாம் உங்கள் மெட்ராசில் மட்டும்தான் இருக்கிறதா என்று கேட்டார். உலகத்தில் நல்ல மருத்துவ நூலகம் எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் இருக்கும் என்றேன். பினாங்கிலுமா என்றார். வாருங்கள் காட்டுகிறேன் என்றேன். நூலகம் என்றால் எனக்கு யாரைப் பார்த்துப் பயம்?

எங்கள் கூட்டம் நடந்த அதே நூலகம். வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். தடுத்து உள்ளே கூட்டிப்போனேன். உலகத்து மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளையெல்லாம் எழுதியவர் பெயர் வரிசைப்படி அடுக்கி மாதாமாதம் வரும் தடித்த அட்டவணை, செங்கல் அடுக்கினாற்போல் அலமாரியில் இருந்தது. எனக்கு மனப்பாடமான ஓர் இதழை உருவி, பக்கத்தைத் திறந்து, கையை எடுத்துக்கொண்டேன். பொடிப் பொடி எழுத்தில் பெயர், பெயர், பெயர். எந்தெந்த ஊர்க்காரர்களோ.

சூசை லைசென்சை எடுத்தார். விரல் மெதுவாக இறங்கிற்று. நின்றது. விரலைப் பெயருக்குக் கீழே கோடு போட்டாற்போல் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"அடுத்த மாசமும் இது வருமா டீச்சரம்மா?"

"மாசா மாசம் வரும்."

"அதுலயும் எம் பேரு இருக்குமா?"

"அவ அங்க இருந்து எழுதினா இருக்கும்."

"அப்ப இருக்கட்டும்," என்றார். "அங்கயே இருந்து எழுதச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நாற்காலி இருக்கும்போது ஏன் நின்றுகொண்டே படிக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, மேஜையிலிருந்த மலாய்க்கார ஊழியர் எங்களிடம் வந்தார். இஸ்திரிச் சட்டையையும் விரல் வைத்திருந்த பக்கத்தையும் பார்த்துவிட்டு, ஐயா எந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். அந்த அளவு மலாய் அதற்குள் எனக்கும் பிடிபட்டிருந்தது. சூசை சொன்ன பதிலும் புரிந்தது.

"நான் டாக்டர் இல்ல, லாரி டிரைவர். இந்தப் பேரு என்னுது. எழுதினது எம் மக."

அந்த ஊழியர் குனிந்து, விரலுக்கு மேலே இருந்த பெயரைப் படித்தார். பிறகு போய், தன் நாற்காலியையே எடுத்துவந்து சூசைக்குப் போட்டார்.